டாப் கியர் எப்போது சலிக்கத் தொடங்கியது? ஒரு நிகழ்வு ஆய்வு

எதை ஆராய்கிறோம்

பிபிசியின் கார் நிகழ்ச்சியான ‘டாப் கியர்’ 1977-இல் தொடங்கியது. 2001-இல் ஒருமுறை மூடப்பட்டு, 2002-இல் வேறு உருவத்தில் திரும்பி வந்தது. 2015-இல் அதன் மூன்று முகங்களும் ஒன்றாக வெளியேறின. 2022 டிசம்பரில் படப்பிடிப்பில் நடந்த ஒரு விபத்துக்குப் பிறகு பிரிட்டிஷ் பதிப்பு எடுக்கப்படவேயில்லை. இந்த நாற்பத்தைந்து ஆண்டுகளில் பாதி ஆண்டுகளாவது, ‘இது இன்னும் பார்க்கும்படி இருக்கிறதா, பழைய பேரை வைத்து ஓட்டுகிறார்களா’ என்ற பேச்சு ஓய்ந்ததில்லை.

ரசனையை மட்டும் வைத்து இதற்குப் பதில் தேடினால் வாக்குவாதம்தான் மிஞ்சும். எடுத்த முடிவுகளை ஆண்டு வரிசையில் வைத்துப் பார்த்தால், சிரிப்பு எங்கிருந்து வந்தது, எங்கே கசியத் தொடங்கியது என்பது ஓரளவு பிடிபடுகிறது. பொதுவெளியில் பதிவானவையும் ஒளிபரப்பான பகுதிகளுமே இங்கே ஆதாரம். ஆட்களைப் பொறுப்பால் மட்டும் குறிப்பிடுகிறேன். பார்த்தவர்களுக்கு யார் யார் என்று தெரியும். நாயகன், வில்லன் என்று பிரித்துப் பேச ஆரம்பித்துவிட்டால் முடிவுகள் கண்ணில் படாமல் போய்விடும் என்பதால்தான் இப்படி. 2002-க்குப் பிந்தைய தொகுப்பாளர்கள் மூவரை மூத்தவர், இளையவர், நிதானமானவர் என்று அழைக்கிறேன்.

பின்னணி: 1977 முதல் 2001 வரை

தொடக்கத்தில் இது பர்மிங்காம் நிலையம் தன் வட்டாரத்துக்காக எடுத்த அரை மணி நேர நிகழ்ச்சி. பிரிட்டனின் கார்த் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதி அது. வீட்டுக்கு ஒருவராவது கார்த் தொழிலோடு தொடர்புள்ளவராக இருந்த ஊர்களில், புது மாடல் எப்படி ஓடுகிறது, பெட்ரோல் எவ்வளவு குடிக்கிறது, சாலைப் பாதுகாப்புக்கு என்ன செய்யலாம் என்பதெல்லாம் அன்றாடப் பேச்சு. 1978-இல் நாடு முழுவதற்குமாக பிபிசி 2-க்குப் போனது. அடுத்த பத்தாண்டுகள் பொறுப்பான, கொஞ்சம் வறண்ட நுகர்வோர் நிகழ்ச்சியாகவே நடந்தது.

1988-இல் மூத்தவர் சேர்ந்தார். ஒரு காரைப் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே சொன்னார். அதையும் சிரிக்கும்படி சொன்னார். பார்வையாளர்கள் பெருகினார்கள், கார்க் கம்பெனிகள் முகம் சுளித்தன. 1999-இல் அவர் விலகியதும் பார்வையாளர்களும் விலகினார்கள். 2001-இல் பிபிசி நிகழ்ச்சியை மூடியது. அப்போதிருந்த தொகுப்பாளர்களில் சிலர் சேனல் 5-க்குப் போய் ‘ஃபிஃப்த் கியர்’ என்று கிட்டத்தட்ட அதே பழைய நிகழ்ச்சியைத் தொடர்ந்தார்கள். கார் வாங்கப் போகிறவருக்கு அதுதான் அதிகம் பயன்பட்டது என்பேன். ஆனால் டாப் கியரின் புகழில் பத்தில் ஒரு பங்குகூட அதற்குக் கிடைக்கவில்லை. கார் பற்றிய தகவலுக்காகவே மக்கள் இதைப் பார்த்தார்கள் என்று வாதாடுகிறவர்கள் இந்த ஓர் ஒப்பீட்டைத் தாண்டிப் போக முடியாது.

முதல் முடிவு: 2002-இன் மறுபிறப்பு

மூத்தவரும் அவருடைய பள்ளித் தோழரான தயாரிப்பாளரும் சேர்ந்து ஒரு திட்டத்தோடு பிபிசியிடம் போனார்கள். நிகழ்ச்சி ஒரு மணி நேரம். சர்ரே மாவட்டத்து டன்ஸ்ஃபோல்ட் விமானத் தளத்தின் கொட்டகையில், நின்றுகொண்டே பார்க்கும் கூட்டத்தின் நடுவே நடக்கும். அதே ஓடுதளத்தில் ஒரு பந்தயப் பாதை. ஹெல்மெட்டைக் கழற்றாத, வாயே திறக்காத ஓர் ஓட்டுநர்: ‘ஸ்டிக்’. வாரம் ஒரு பிரபலம் வந்து சாதாரணக் கார் ஒன்றில் அந்தப் பாதையைச் சுற்றுவார். முதலில் சுசுகி லியானா, பிறகு நம் ஊரில் ஆப்ட்ரா என்ற பெயரில் ஓடிய செவ்ரோலே லசெட்டி. கோடிகளில் கார் வைத்திருக்கும் நடிகர், யாரோ அலுவலகத்துக்கு ஓட்டிப்போகும் காரின் கியரோடு மல்லுக்கட்டுவதைப் பார்ப்பதில் ஓர் அற்ப சந்தோஷம் இருக்கத்தான் செய்தது.

2002 அக்டோபரில் முதல் ஒளிபரப்பு. முதல் பருவத்தில் மூத்தவரோடும் இளையவரோடும் பழைய கார் விற்பனை அறிந்த ஒருவர் இருந்தார். பொருத்தம் கூடிவரவில்லை; இரண்டாவது பருவத்தில் அவர் இடத்துக்கு நிதானமானவர் வந்தார். சின்ன மாற்றமாகத் தெரிந்த இதுதான் மொத்தக் கதையிலும் பெரிய முடிவு என்பது என் கணிப்பு. ஒருவர் பெருமை பேசுவார், இன்னொருவர் உற்சாகத்தில் துள்ளுவார், மூன்றாமவர் ஸ்பேனர்களை அளவு வாரியாக அடுக்கிக்கொண்டிருப்பார். மூன்று நடுவயது ஆண்கள் ஒருவரையொருவர் வாருவதைத்தான் மக்கள் பார்க்க வந்தார்கள். கார் அதற்கு ஒரு சாக்கு.

கவனித்தவை: எது வேலை செய்தது

2003-இல் வந்த ஹைலக்ஸ் பகுதியை எடுத்துக்கொள்வோம். 1988-ஆம் ஆண்டின் டீசல் டொயோட்டா ஹைலக்ஸ் ஒன்றை மலிவாக வாங்கி, அதைச் சாகடிக்க முடியுமா என்று பார்ப்பது திட்டம். படிக்கட்டில் இறக்கினார்கள், மரத்தில் மோதினார்கள். பிறகு கடலோரச் சரிவில் கட்டிவைத்துவிட்டு அலை ஏறும்வரை காத்திருந்தார்கள். கயிறு அறுந்து வண்டி கடலோடு போய், நீர் வடிந்தபோது மணலில் புதைந்து கிடந்தது. தோண்டி எடுத்தார்கள். ஒரு மெக்கானிக் சாதாரணக் கருவிகளோடு உட்கார்ந்தார். உதிரிபாகம் மாற்றக் கூடாது என்பது நிபந்தனை. சேறும் உப்புநீரும் வெளியேறின. கொஞ்ச நேரத்தில் என்ஜின் இருமிக்கொண்டு கிளம்பியது. மேலே கேரவனைப் போட்டார்கள், இரும்புக் குண்டால் அடித்தார்கள், தீ வைத்தார்கள். கடைசியில் இடிக்கப்படவிருந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில் ஏற்றி, கட்டடத்தோடு சேர்த்துத் தகர்த்தார்கள். இடிபாட்டிலிருந்து முதுகு முறிந்த வண்டியை இழுத்து வந்து பேட்டரியை இணைத்தபோது, அது மறுபடியும் ஓடியது.

அன்று அந்த முடிவு யாருக்கும் முன்கூட்டித் தெரிந்திருக்கவில்லை. மூத்தவரின் முகமே அதைச் சொல்கிறது: நகைச்சுவைக்காக வந்த மனிதர், ஒரு டீசல் என்ஜினைக் கண்டு வாயடைத்து நிற்கிறார். செலவும் ஒப்பீட்டளவில் சொற்பம். வண்டி செத்துப்போயிருந்தாலும் ஒரு பகுதி கிடைத்திருக்கும்.

மலிவுக் கார் சவால்களிலும் இதே சூத்திரம்தான். 2004-இல் ஆளுக்கு 1,500 பவுண்டுக்குள் ஒரு போர்ஷே வாங்கி வரச் சொன்னார்கள். 2005-இல் பத்தாயிரம் பவுண்டுக்குள் ஆளுக்கொரு இத்தாலிய சூப்பர் கார்: மசராட்டி மெராக், லம்போர்கினி உராக்கோ, ஃபெராரி 308. மெராக்கின் என்ஜின் வழியிலேயே வெடித்தது, உராக்கோவின் மின்சுற்று மக்கர் செய்தது. வண்டி நின்றுபோன இடத்தில்தான் பேச்சு ஆரம்பிக்கும், பேச்சில்தான் சிரிப்பு. பழைய அம்பாசடரோ பியட்டோ வைத்திருந்த குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எதனால் சிரிப்பு மூட்டுகிறது என்று விளக்க வேண்டியதில்லை.

அதே ஆண்டில் பெரிய செலவில் எடுத்ததும் உண்டு. இத்தாலியின் ஆல்பாவிலிருந்து லண்டனுக்கு ஒரு பக்கம் புகாட்டி வேரோன், மறுபக்கம் சிறிய செஸ்னா விமானம் என்று பந்தயம். அழகான படப்பிடிப்பு, நல்ல பகுதிதான். ஆனால் அலமாரியில் ஒரு புதுத் தட்டு சேர்ந்துவிட்டது. அடுத்த ஆண்டு அதைவிடப் பெரிதாக ஒன்று தேவைப்பட்டது.

எச்சரிக்கை அறிகுறிகள்: 2006 முதல் 2014 வரை

2006 செப்டம்பரில் யார்க் நகருக்கு அருகிலுள்ள எல்விங்டன் விமானத் தளத்தில், ஜெட் என்ஜின் பொருத்திய வண்டியை இளையவர் ஓட்டினார். மணிக்கு 460 கிலோமீட்டர் வேகத்தில் முன் டயர் ஒன்று போனது. மூளைக் காயத்தோடு மருத்துவமனையில் சேர்த்தார்கள். பிழைத்து வந்து 2007 ஜனவரியில் மேடையேறியபோது, ஏறத்தாழ 80 லட்சம் பேர் பார்த்தார்கள். அதுவரை அந்த நிகழ்ச்சி கண்டிராத கூட்டம்.

அந்த எண்ணிக்கையிலிருந்து என்ன பாடம் படித்தார்கள் என்பதை அடுத்த ஆண்டுகள் காட்டுகின்றன. பயணங்கள் நீண்டன: காந்த வட துருவம், போட்ஸ்வானா, வியட்நாம், பொலிவியா. இவற்றில் வியட்நாமும் பொலிவியாவும் இன்றைக்கும் தூசி படியாத பகுதிகள். வியட்நாமில் பணம் கைக்கு வந்தபோது கார் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. மூவரும் மோட்டார்பைக்கில் ஏற வேண்டிவந்தது. பைக்கை வெறுப்பவர் என்று பெயரெடுத்த மூத்தவர், பச்சை வெஸ்பா ஸ்கூட்டரில் முழங்கால் இடிக்க உட்கார்ந்துகொண்டு அதைக் கிளப்பத் திண்டாடும் காட்சிக்கு எந்த வசனமும் வேண்டியிருக்கவில்லை.

உலகச் சந்தையும் வளர்ந்தது. 200-க்கு மேற்பட்ட நாடுகள், பிரதேசங்களுக்கு விற்பனையானது. 35 கோடிப் பேர் பார்க்கிறார்கள் என்று பிபிசி சொல்லிவந்தது. உலகில் அதிகம் பார்க்கப்படும் தகவல் நிகழ்ச்சி என்று கின்னஸ் புத்தகத்தின் 2013 பதிப்பில் இடம்பிடித்தது. பிபிசியின் வணிகப் பிரிவுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய ஐந்து கோடிப் பவுண்டு கொண்டுவரும் நிகழ்ச்சி என்று கணக்கிட்டார்கள். அந்த அளவுக்கு வருமானம் தரும் மாட்டை யாரும் கொம்பைப் பிடித்து இழுக்க மாட்டார்கள்.

இந்தக் காலத்தில்தான் தயாரித்து வைத்த தற்செயல்கள் வெளியே தெரியத் தொடங்கின. 2010-இல் ரிலையன்ட் ராபின் என்ற மூன்று சக்கர வண்டி ஒவ்வொரு திருப்பத்திலும் கவிழும் பகுதி வந்தது. அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தோம். கவிழ வேண்டும் என்பதற்காகவே வண்டியின் உள்ளமைப்பை மாற்றியிருந்தார்கள் என்று மூத்தவரே பின்னாளில் ஒரு பத்திரிகைப் பத்தியில் எழுதினார். 2011-இல் மின்சாரக் கார் ஒன்று வழியில் நின்றுபோவதாகக் காட்டினார்கள். பயணத்தைத் தொடங்கும்போதே அதன் பேட்டரி முழுதாக நிரம்பியிருக்கவில்லை என்பதைத் தயாரித்த நிறுவனத்தின் பதிவுகள் காட்டின. ஹைலக்ஸ் பகுதியில் கேமரா காத்திருந்தது. இங்கே கேமரா வருவதற்கு முன்பே எல்லாம் தயாராக இருந்தது.

அதே 2011 டிசம்பரில் வந்த இந்தியச் சிறப்புப் பகுதியில் இரண்டு வகையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. மும்பை டப்பாவாலாக்களைவிட வேகமாகக் காரில் சாப்பாடு கொண்டுபோகிறோம் என்று கிளம்பி, போக்குவரத்தில் சிக்கி, டப்பாக்களைக் கோட்டைவிட்டு நிற்கிறார்கள். அதில் கேலிக்கு ஆளாவது அவர்கள்தான்; சிரிக்க முடிகிறது. ரயிலின் பக்கவாட்டில் பெரிய பதாகை கட்டும் காட்சி வேறு வகை. பெட்டிகள் பிரியும்போது பதாகை கிழிந்து ஆபாசமான பொருள் வரும். பதாகையைப் பார்த்த கணத்திலேயே அது எந்த எழுத்தில் கிழியப்போகிறது என்று தெரிந்துவிடுகிறது. ஜாகுவார் காரின் டிக்கியில் கழிப்பறை பொருத்தியதும் இந்த ரகம். லண்டனில் உள்ள இந்தியத் தூதரகம் எழுத்துபூர்வமாகப் புகார் சொன்னது. நாட்டையோ மக்களையோ இழிவுபடுத்தவில்லை என்று பிபிசி பதில் சொன்னது. என்னைக் கேட்டால், அவமதிப்பைவிட அந்த நகைச்சுவையின் சோம்பேறித்தனமே பெரிய குறை.

பிறகு புகார்கள் வரிசை கட்டின. 2014-இல் பர்மா பகுதியில் ஆசியர்களைக் குறிக்கும் இழிசொல் ஒன்றை இரட்டை அர்த்தத்தில் பயன்படுத்தியது விதிமீறல் என்று ஒலிபரப்பு ஒழுங்காணையம் ஆஃப்காம் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டில் மூத்தவருக்குக் கடைசி எச்சரிக்கை தரப்பட்டது. அக்டோபரில் அர்ஜென்டினாவில், போர்ஷே காரின் எச்982 எஃப்கேஎல் என்ற பதிவெண் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய 1982 ஃபாக்லாந்து போரைக் குத்திக்காட்டுவதாகக் கருதிய கூட்டம் கல்லெறிந்தது. தற்செயல் என்று குழு சொன்னது. அது உண்மையாகவே தற்செயலாக இருக்கலாம். ஆனால் தற்செயல்களைத் தயாரித்துக் காட்டிப் பழகிய குழு சொன்னதை நம்ப ஆளில்லை. கார்களை அங்கேயே விட்டுவிட்டு சிலி எல்லையைக் கடந்தார்கள்.

இரண்டாவது முடிவு: 2015 மார்ச்

மார்ச் 4-ஆம் தேதி, யார்க்‌ஷயரில் படப்பிடிப்பு முடிந்து குழு விடுதிக்குத் திரும்பியபோது சமையல்காரர் வீட்டுக்குப் போயிருந்தார். சூடான சாப்பாடு இல்லை. மூத்தவர் ஒரு தயாரிப்பாளரைத் திட்டித் தீர்த்து, கைநீட்டியும்விட்டார். தாக்குதல் சுமார் அரை நிமிடம் நீடித்ததாகவும், பக்கத்திலிருந்தவர் தலையிட்ட பிறகே நின்றதாகவும், தயாரிப்பாளர் எந்த விதத்திலும் தூண்டவில்லை என்றும் பிபிசியின் உள்விசாரணை சொன்னது. உதடு கிழிந்த தயாரிப்பாளர் தானே மருத்துவமனைக்குப் போனார். சில நாட்களில் நடந்ததை நிர்வாகத்திடம் தெரிவித்தவர் மூத்தவரேதான்.

மார்ச் 10-இல் இடைநீக்கம். அவரை விட்டுவிடக் கூடாது என்று பத்து லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். அந்த மனுவை ஸ்டிக் வேடமிட்ட ஒருவர் டாங்கியில் கொண்டுபோய் பிபிசி வாசலில் கொடுத்தார். தாக்கப்பட்டவருக்குச் சமூக ஊடகங்களில் வசவு குவிந்தது. மார்ச் 25-இல், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று தலைமை இயக்குநர் அறிவித்தார். மற்ற இருவரும், பள்ளித் தோழரான அந்தத் தயாரிப்பாளரும் மூத்தவரோடு போனார்கள்.

ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் கொண்டுவரும் ஒருவரை, ஒரு தயாரிப்பாளரின் கிழிந்த உதட்டுக்காக அனுப்பிய அந்த முடிவு சரியானது. தாமதம் வேறு இடத்தில் நடந்தது. கடைசி எச்சரிக்கைக்குப் பிறகும் படப்பிடிப்புத் தளத்தில் அவரை நிறுத்திச் சொல்லும் அதிகாரம் யாரிடமும் இல்லை.

மூன்றாவது முடிவு: ஆளை மாற்றி, அமைப்பை வைத்துக்கொள்வது

2015 ஜூனில் புகழ்பெற்ற வானொலித் தொகுப்பாளர் ஒருவரை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் அமர்த்தினார்கள். தேர்வில் தர்க்கம் இருந்தது: நேரலையில் கை தேர்ந்தவர், ஃபெராரிகளைச் சேகரிப்பவர். அவரோடு ஓர் அமெரிக்க நடிகர், ஜெர்மானியப் பந்தய வீராங்கனை, ஃபார்முலா 1 அணியின் முன்னாள் உரிமையாளர், இரண்டு கார் விமர்சகர்கள். ஆக, ஸ்டிக் நீங்கலாக ஆறு பேர். கொட்டகையும் பந்தயப் பாதையும் முகப்பு இசையும் அப்படியே.

2016 மே 29-இல் முதல் பகுதியை அன்றிரவு 44 லட்சம் பேர் பார்த்தார்கள். ஆறாவது, கடைசிப் பகுதியை 19 லட்சம் பேர். மறுநாள் வானொலித் தொகுப்பாளர் விலகினார்.

இப்போது திரும்பப் பார்த்தால், முதல் பகுதியில் அவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் உச்சக் குரலில் முடிக்கிறார். மூத்தவரின் நீட்டி முழக்கும் நடையை அப்படியே கடன் வாங்கியிருக்கிறார். நடை வந்தது, அதன் பின்னாலிருந்த அலட்சியம் வரவில்லை. ஆறு பேருக்கும் ஒருவரோடொருவர் பேசிப் பழக நேரம் இருந்திருக்கவில்லை. அதைவிட விசித்திரம், காரைப் பற்றிப் பேசினால் கேட்கத் தோன்றிய இரண்டு விமர்சகர்களையும் முதன்மை நிகழ்ச்சியில் ஓரமாக வைத்து, ‘எக்ஸ்ட்ரா கியர்’ என்ற துணை நிகழ்ச்சியில் பயன்படுத்தினார்கள். 2002-இன் குழுவிலும் ஆள் மாறியது என்பதை யாரும் நினைவுபடுத்தவில்லை போலும். அன்று பத்துப் பகுதிகளை ஓட்டிப் பார்த்து, பொருந்தாததை மாற்ற அவகாசம் இருந்தது. 2016-இல் முதல் பகுதிக்கு மறுநாளே நாளிதழ்கள் பார்வையாளர் எண்ணிக்கையை வெளியிட்டுவிட்டன.

நான்காவது முடிவு: 2017 முதல் 2022 வரை

நடிகரும் இரு விமர்சகர்களும் 2017-இலிருந்து நடத்திய பருவங்கள் அமைதியானவை. கார் ஓட்டத் தெரிந்தவர்கள் கார் ஓட்டினார்கள். கண்ணியமாக இருந்தது, கொண்டாட்டமாக இல்லை.

2019 ஜூனில் விமர்சகர்களில் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு நகைச்சுவையாளரையும் முன்னாள் இங்கிலாந்து கிரிக்கெட் வீரரையும் சேர்த்தார்கள். கிரிக்கெட் வீரரை நமக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2002-இல் வான்கடேயில் சட்டையைக் கழற்றிச் சுழற்றி, அதே ஆண்டு லார்ட்ஸ் மாடத்திலிருந்து பதிலையும் வாங்கிக்கொண்டவர். 2009-இல் சென்னை சூப்பர் கிங்ஸ் பெரும் விலை கொடுத்து எடுத்து மூன்றே ஆட்டம் ஆடவைத்தவர். மூவருக்கும் நடுவே உண்மையான ஒட்டுதல் இருந்தது. தாங்கள் முதன்முதலாக வாங்கிய கார் மாடல்களில் எத்தியோப்பியாவுக்குப் போன முதல் பகுதியிலேயே அது தெரிந்தது. பார்வையாளர்கள் திரும்பினார்கள், 2020-இல் நிகழ்ச்சி பிபிசி 1-க்கு உயர்ந்தது.

ஆனால் அந்த ஒட்டுதலை வைத்து என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டும். முதல் குழுவின் பலம் வாயில் இருந்தது. இந்தக் குழுவில் இருவருக்கு உடம்பைப் பணயம் வைக்கும் துணிச்சல் இருந்தது. எழுதுபவர்கள் அதையே நம்பத் தொடங்கினார்கள். கிரிக்கெட் வீரரை ஒரு பழைய ரோவர் காரில் உட்காரவைத்து, சுவிட்சர்லாந்தின் அணை உச்சியிலிருந்து கயிறு கட்டித் தள்ளிவிட்டார்கள். பார்க்கும்போது மூச்சு நின்றது. சிரிப்பு வந்ததா என்று கேட்டால், அவர் உயிரோடு மேலே வந்த பிறகு வந்த நிம்மதியைத்தான் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டோம். 2019-இலேயே அவர் இரண்டு முறை படப்பிடிப்பில் விபத்துக்குள்ளானார்: பிப்ரவரியில் மான்ஸ்ஃபீல்டில் சந்தைக் கடை ஒன்றில் மோதினார், செப்டம்பரில் எல்விங்டனில், அதாவது 2006-இல் இளையவர் விழுந்த அதே தளத்தில், மூன்று சக்கர வண்டியோடு பாதையை விட்டு விலகினார். இரண்டிலும் காயமில்லை. காயமில்லாத விபத்துகள் படப்பிடிப்புத் தளத்தில் எச்சரிக்கையாக எண்ணப்படுவதில்லை, கதையாகச் சொல்லப்படுகின்றன.

விளைவு

2022 டிசம்பர் 13 அன்று, டன்ஸ்ஃபோல்டில் மோர்கன் சூப்பர் 3 என்ற கூரையில்லாத மூன்று சக்கர வண்டி கிரிக்கெட் வீரரோடு கவிழ்ந்தது. ஹெல்மெட் அணிந்திருக்கவில்லை. முகம் சிதைந்தது, விலா எலும்புகள் முறிந்தன. 2023 மார்ச்சில் அந்தப் பருவத்தின் படப்பிடிப்பைக் கைவிட்டு பிபிசி மன்னிப்புக் கேட்டது. அவர் பொதுவெளியில் மறுபடி தென்பட்டது அந்த செப்டம்பரில்தான், கார்டிஃபில் இங்கிலாந்து அணியோடு, முகத்தில் தழும்புகளோடு. அக்டோபரில் இழப்பீடு உடன்பாடானது. 90 லட்சம் பவுண்டு என்று செய்தி வந்தது. நவம்பர் 21-இல், நிகழ்ச்சிக்குக் கால வரையறை இல்லாமல் ஓய்வு தரப்படுவதாக அறிவிப்பு. யாராவது சாகும்வரை போகும் என்று மேலிடத்தில் முன்பே எச்சரித்ததாக, அதே குழுவின் விமர்சகர் 2024-இல் வெளிப்படையாகச் சொன்னார்.

பழைய மூவர் என்ன ஆனார்கள் என்பதும் இந்த வழக்கின் ஒரு பகுதி. 2016 நவம்பரில் அமேசானில் ‘தி கிராண்ட் டூர்’ தொடங்கினார்கள். பணத்துக்குப் பஞ்சமில்லை. கூடாரம் அமைத்து, ஊர் ஊராக, பார்வையாளர் கூட்டத்தோடு, பழைய அமைப்பையே நகலெடுத்தார்கள். பிரபலங்கள் வருவதற்குள் விதவிதமாகச் சாவதாகக் காட்டும் ஒரு பகுதி இருந்தது. முதல் தடவையே சலித்த நகைச்சுவையைப் பருவம் முழுக்க ஓட்டினார்கள். 2017-இல் ஸ்விட்சர்லாந்தில் இளையவர் ஒரு மின்சார சூப்பர் காரை மலைச்சரிவில் கவிழ்த்து, கார் எரிந்துபோனது. 2019-இல் மூன்றாம் பருவம் முடிந்ததும் கூடாரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு, ஆண்டுக்கு ஒன்றிரண்டு நீண்ட பயணங்கள் மட்டும் என்று முடிவெடுத்தார்கள். அதன்பிறகு பல பகுதிகள் நன்றாக வந்தன. வயதானது தெரிந்தது, அதை மறைக்கவும் இல்லை. 2024 செப்டம்பரில் ஜிம்பாப்வே வழியாகப் பழைய கார்கள் மூன்றை ஓட்டிப்போய், நிகழ்ச்சியைத் தாங்களே முடித்துக்கொண்டார்கள்.

என்ன மாற வேண்டும்

பிரிட்டிஷ் பதிப்பு திரும்பி வந்தால், நான் முதலில் கேட்பது ஆட்கள் யார் என்றல்ல. ஒரு பகுதிக்கு எழுதப்பட்ட பக்கங்கள் எத்தனை என்பதுதான். சவாலை எழுதுங்கள், விலை வரம்பை எழுதுங்கள், போக வேண்டிய ஊரை எழுதுங்கள். வண்டி எந்த இடத்தில் நிற்கும் என்பதை எழுதாதீர்கள்.

புதுக் குழுவுக்கு ஒளிபரப்பாகாத ஒரு பருவம் தேவை. குறைந்தது சில பயணங்களாவது கேமராவோடு போய், யாருக்கு யாரோடு ஒத்துப்போகிறது என்று பார்த்த பிறகே தேதி அறிவிக்க வேண்டும். 2016-இல் இந்தச் செலவை மிச்சப்படுத்தினார்கள். வருமானத்தோடு ஒப்பிட்டால் அது கால் காசு பெறாத சேமிப்பு.

பாதுகாப்பு அதிகாரி, தயாரிப்பாளருக்குக் கீழே இருக்கக் கூடாது. படப்பிடிப்பை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு எழுத்தில் இருக்க வேண்டும். காயமில்லாமல் முடிந்த ஒவ்வொரு விபத்துக்கும் அறிக்கை எழுதும் பொறுப்பும் வேண்டும். தொகுப்பாளரை நிறுத்தும் அதிகாரமும் யாராவது ஒருவரிடம் இருக்க வேண்டும், அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும்.

வெளிநாட்டுப் பயணத்தில் கேலி யார்மீது விழுகிறது என்று படத்தொகுப்பு மேசையில் ஒருமுறை பார்த்தால் போதும். டப்பாவாலா காட்சி எடுபட்டது, கழிப்பறைக் காட்சி எடுபடாமல் விழுந்தது.

பிரான்சில் 2015-இல் இதே பெயரில் ஒரு பதிப்பு தொடங்கியது; பெயருக்கு இன்னும் விலை இருக்கிறது, இதே பெயரிலான பத்திரிகையும் விற்கிறது. பிபிசியின் அறிவிப்பு கதவை முழுதாகச் சாத்தவில்லை. திறப்பதாக இருந்தால், முதல் பகுதியை 1,500 பவுண்டில் வாங்கிய மூன்று கார்களோடு தொடங்கலாம். ஜெட் என்ஜினும் அணையும் வேண்டாம்.